கடைசி ரீல்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கண்ணம்மாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. காரணம், வெள்ளிக்கிழமை டூரிங் டாக்கீஸில் ஒரு இளவரசன் செத்துப்போனான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், பென்னாகரத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். ராஜா காலத்துக் கதை. இளவரசனும் பரிசல்காரன் மகளும் ராஜாவுக்குத் தெரியாமல் பரிசலேறித் தப்பிப் போகிறார்கள். சுழலில் பரிசல் கவிழ்கிறது. கடைசியில் தண்ணீரில் ஒரு மல்லிகைச் சரம் மட்டும் மிதக்கிறது.

பெண்கள் பக்கம் ஒரே ஒப்பாரி. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் மாது மட்டும் எழுந்து நின்று, "துடுப்பைத் தலைகீழாப் புடிச்சா கவுறாம என்னடா பண்ணும்?" என்று திரையைப் பார்த்துக் கத்தினான்.

கண்ணம்மாளின் புருஷன் தீர்த்தகிரி வீடு வரும்வரை கேலி செய்தான்.

"துணியில ஆடுற நெழலு செத்ததுக்கு அழுவுறா! எங்கப்பன் செத்தப்பகூட நீ இவ்ளோ அழுவலியேடி!"

"உங்கப்பனுக்கு எம்பது வயசு. இதுங்க சின்னஞ்சிறுசுங்க. கல்லு மனசுங்க உங்களுக்கு!"

ஞாயிற்றுக்கிழமை காலை. கிணற்றடியில் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"நேத்து நானும் படம் பாத்துட்டேன் கண்ணம்மா. ரெண்டும் பரிசல்ல கைகோத்துச் சிரிச்சுக்கிட்டே போச்சுங்க. மனசு குளுந்துபோச்சு."

கண்ணம்மாள் கையிலிருந்த கயிறு நழுவியது.

"சிரிச்சாங்களா? செத்தாங்கக்கா! மூழ்கிச் செத்தாங்க!"

"வாயைக் கழுவு! சிரிச்சுக்கிட்டே போனாங்க, வணக்கம் சிலைடு போட்டான், வூட்டுக்கு வந்துட்டேன்."

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"உனக்குத்தான் பட்டினியில மூளை கலங்கிப் போச்சு!"

கிணற்றடி இரண்டு கட்சியானது. வெள்ளிக்கிழமை பார்த்தவர்கள் செத்தார்கள் என்றார்கள். சனிக்கிழமை பார்த்தவர்கள் பிழைத்தார்கள் என்றார்கள். இரண்டு நாளும் பார்க்காத குள்ளம்மாள் சமாதானம் செய்யப் போனாள்.

"ஏன்டி அடிச்சுக்கிறீங்க? வெள்ளிக்கிழமை வுழுந்துச்சுங்க. சனிக்கிழமைக்குள்ள நீந்திக் கரையேறியிருக்கும்."

இரண்டு கட்சியும் சேர்ந்து அவளைத் திட்டியது.

"மேனேஜரையே கேட்டுடலாம், வாக்கா!" என்று கிளம்பிய கண்ணம்மாள், வீட்டு வாசலில் நின்ற தீர்த்தகிரியின் கையைப் பிடித்தாள். "நீங்களும் வாங்க. வெள்ளிக்கிழமை என்கூடப் பாத்தீங்கல்ல? சாட்சி சொல்லுங்க."

"சினிமாக் கதைக்கு சாட்சியா? எனக்குக் காட்டுல வேலை கெடக்குது..."

"வாங்கன்னா!"

கொட்டகை மேனேஜர் கீற்றுத் தட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிழிந்த கூடாரத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"ரெண்டு பேர் சொல்றதும் நெசந்தாம்மா. நேத்து கடைசி ரீல் ஓட்டல."

"பாத்தியா, செத்துட்டாங்க!" என்று ஜெயித்த குரலில் கத்திய கண்ணம்மாள், சொன்ன வேகத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க ஓட்டல?"

"நேத்து சாயங்காலம் ஒருத்தர் வந்து கால்ல விழுந்துட்டாரும்மா. 'எங்கூட்டுக்காரி அழுவுறா, சோறு தின்ன மாட்டேங்கிறா, அந்தப் பொண்ணைக் காப்பாத்துங்க'ன்னு ஒரே அழுகை. ஒரு கூடை நிலக்கடலை வேற."

"அப்பிடியும் ஒரு மவராசன்!" என்ற கண்ணம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? ஆம்பளைன்னா அப்பிடி இருக்கணும்."

தீர்த்தகிரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நகரப் பார்த்தான்.

மேனேஜர் நிமிர்ந்தார்.

"அட, வாங்க வாங்க! இவருதாம்மா அது!"

இரண்டு நாளாகக் கல்லு மனசு என்று திட்டிய கண்ணம்மாள், அவன் துண்டின் நுனியை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகவாங்க?"

தீர்த்தகிரி வாய் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். 'உங்க சம்சாரம்தான் பாத்து முடிச்சாச்சே, இனிமே ரீலை நிறுத்தி என்னங்க பிரயோசனம்?'னு. அதுக்கு இவரு, 'அவளை வுடுங்க, இன்னிக்கு மறுபடியும் பாக்க வரப்போறது நான்'னாரு!"