ஒன்பது பைகள்

சுற்றுலாப் புகைப்படங்களில் எல்லாரும் இருப்பார்கள். பைகளுக்குக் காவல் இருந்தவளைத் தவிர.

பெரியக்காவை அந்தக் கடலோரப் பெருநகரத்துக்கு அழைத்து வந்ததே அந்த வேலைக்குத்தான். தங்கை வீட்டில் பன்னிரண்டு வருடமாகச் சமையலும் பிள்ளைகளும் அவள் பொறுப்பு. இன்று விடுதி அறையைக் காலி செய்தாயிற்று; கேளிக்கைப் பூங்கா வாசலில் ஒரு பெஞ்சும் ஒன்பது பைகளும்.

இணையத்திலிருந்து அச்சிட்டு வந்த 'பயணிகளுக்கு யோசனைகள்' தாளைத் தங்கையின் கணவர் அவள் கையில் திணித்தார்.

"நல்லாப் படிச்சுக்குங்க அக்கா. உத்துப் பாக்கிறவன் திருடன். பேச்சுக் குடுக்கிறவன் அவனோட கூட்டாளி. இடத்தை விட்டு நகரவே கூடாது."

"பாத்ரூம் போகணும்னா?"

"ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்."

"பெரியம்மா, என் போன்ல சார்ஜ் இல்ல" என்று அவளுடைய போனைப் பறித்துக்கொண்டு ஓடினான் பையன்.

ஒரு மணி நேரம் நான்காயிற்று.

ராட்டினத்தின் உச்சியிலிருந்து வந்த ஒவ்வோர் அலறலும் தங்கையின் குரலாகவே கேட்டது. விபத்தோ? அல்லது... அடுத்ததை எண்ண அவள் துணியவில்லை. சால்வையை ஒன்பது பைகளின் கைப்பிடிகளிலும் கோத்து, நுனியைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டாள்.

அப்போதுதான் கவனித்தாள். எதிரே நீலச் சீருடையில் ஒருத்தி, கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து நேராக வந்தாள். பெரியக்கா மணிக்கட்டு முடிச்சை இறுக்கினாள்.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?"

பெரியக்கா பைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. நீங்க போட்டிருக்கிற முடிச்சைப் பாத்தா, பையைத் தூக்கினா நீங்களும் சேந்து வருவீங்க போல. எனக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

பெரியக்கா சிரிக்கவில்லை. சீருடைக்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தப் பெஞ்சுல ஆளை உக்கார வச்சுட்டுப் போறவங்க, சில பேரு திரும்பி வர்றதே இல்லம்மா. அதான் பாத்துட்டே இருந்தேன்."

"என் தங்கச்சி வருவா."

"வரட்டும். அதுக்குப் பையை ஏன் கட்டிட்டு அழறீங்க? அதோ, பை வைக்கிற அறை. எனக்கு வேலையே அங்கதான். பூங்காவுக்கு வர்றவங்களுக்கு இலவசம். உங்க கையில இருக்கிற தாள்லயே போட்டிருக்குமே."

புரட்டினாள். மறுபக்கத்தில் போட்டுத்தான் இருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் தங்கை கணவரின் கையெழுத்து: 'தேவையில்லை. அக்கா இருக்கிறார்கள்.'

அவள் எழுந்தாள். ஒன்பது பைகளும் கூடவே எழுந்தன.

இருட்டும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். வெறும் பெஞ்சைக் கண்டு தங்கை வீறிட்டாள். அறை வாசலிலிருந்து சீருடைக்காரி கையசைத்து அழைத்தாள்.

உள்ளே, அலமாரிக்குப் பின்னால் பெரியக்கா நின்றாள். இந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் அந்த நான்கு மணி நேரப் பயம் தூசு. முதலில் எதைத் தேடுவார்கள்?

"ஏழு, எட்டு, ஒன்பது. அப்பாடா, எல்லாம் இருக்கு" என்றார் தங்கையின் கணவர்.

"நல்லவேளை!" தங்கை நெஞ்சில் கை வைத்தாள். பிறகு சட்டென்று, "ஐயோ, அக்கா எங்கே?"

பெரியக்காவின் கண்கள் நிறைந்தன. ஓரடி முன்னே வைத்தாள்.

"வீட்டுச் சாவி அவகிட்டதானே இருக்கு!"

சாவியை மேசைமேல் வைத்தாள்.

அன்றிரவே அவர்கள் ஊர் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. பை வைக்கும் அறையில் அவளுக்கு இது ஆறாவது வருடம். சம்பளம் உண்டு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, ராட்டினம் இரண்டு முறை ஏறியிருக்கிறாள். எதிர்ப் பெஞ்சில் யாராவது ஒரு மணி நேரத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்திருந்தால், எழுந்து போய்ப் பேச்சுக் கொடுக்கிறாள்.