பச்சை பிடிக்காத கறிவேப்பிலை

ரஞ்சினி குளியலறைக் கதவைத் தாழிட்டாள். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் புருஷன் சிறிதரன் வினாகிரிப் போத்தலும் கையுமாகக் கறிவேப்பிலைச் சாடியின் முன்னால் குந்தினான்.

ஞாயிறு காலை பத்தரை. பதினொரு மணிக்கு இந்திரகுமார் வந்துவிடுவான். அவனுக்கு வேறு வேலை இல்லை.

சரி, வேலை இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். ஆறடி உயரம், சுருட்டை முடி, கல்யாணம் ஆகவில்லை. எழுபதுகளின் மெல்பேர்ண் இது; தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இவன் கண்ணுக்கு இந்த ஒரு வீடுதான் தெரிகிறது.

எல்லாம் இந்தக் கறிவேப்பிலையால் வந்த வினை. பிறிஸ்பேனில் இருந்து ஒருவர் பிள்ளையைப் போலக் காரில் கொண்டுவந்து கொடுத்த கன்று. இவர்கள் குடியிருக்கும் பிறஸ்ரன் பகுதியின் குளிருக்கு வெளியே வைத்தால் ஒரே கிழமையில் செத்துப்போகும் என்று வரவேற்பறையில் வைத்தார்கள். வைத்த மாதமே மஞ்சளித்தது.

அதைப் பார்க்கத்தான் இந்திரகுமார் முதன்முதலில் வந்தான். சாடிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். ஊரில் மாதிரி நாள்தோறும் தண்ணீர் விடக்கூடாது, மேல்மண் காய்ந்தால்தான் விடவேண்டும் என்றான். ரஞ்சினி வேதவாக்குக் கேட்பது போலக் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு, ஜன்னல் வெளிச்சம் காணாது என்று ரியூப் லைற் ஒன்றைக் கொண்டுவந்து சாடிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டான். கதிரையில் ஏறி நின்றது அவன். கதிரை ஆடாமல் பிடித்துக்கொண்டது ரஞ்சினி. வீட்டுக்காரன் சிறிதரன், பாவம், திருகாணி எடுத்துக் கொடுத்தான்.

பிறகு சிவப்பு லிட்மஸ் தாள் வந்தது. ஈரமண்ணில் வைத்தால் நீலமாகிறது. மண்ணில் காரம் ஏறிவிட்டது, இந்தச் செடி கொஞ்சம் புளித்த மண் கேட்கும், சாம்பல் போடுவதை நிறுத்துங்கள் என்றான்.

இதைச் சொல்ல ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமா? பெயின்ற் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் அமிலத்தையும் காரத்தையும் அளந்து அளந்து சிறிதரனின் கை தோல் உரிந்து கிடக்கிறது. ரஞ்சினி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. அதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் நாள் அவள் "இந்திரகுமார் அண்ணை" என்று கூப்பிட்டாள். மூன்றாம் கிழமை "இந்திரகுமார்" ஆனது. இப்போது வெறும் "நீங்கள்". அந்த அண்ணை எந்த ஞாயிற்றுக்கிழமை கழன்று விழுந்தது என்று சிறிதரன் படுத்துக்கிடந்து யோசித்துப் பார்த்திருக்கிறான்.

சண்டை பிடிக்கலாம். என்னவென்று பிடிப்பது? செடி பார்க்க வருகிறவனிடம் செடி பார்க்க வராதே என்றா?

ஆகவே அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். செடி சுகப்பட்டுவிட்டால் வைத்தியனுக்கு இந்த வீட்டில் என்ன வேலை?

மூன்று கிழமையாக, ரஞ்சினி பார்க்காத நேரம், ஒரு செம்புத் தண்ணீருக்கு ஒரு கரண்டி வினாகிரி கலந்து ஊற்றி வருகிறான். காரத்தை முறிக்க அந்தக் காடிப் புளிப்பே தாராளம். ஆனால் செடியோ அவனோடு கோபம் போல, நரம்பில் மட்டும் பச்சையை வைத்துக்கொண்டு மஞ்சளாகவே நிற்கிறது.

போன ஞாயிறு இந்திரகுமாரே அலுத்துப்போய் மண் முழுவதையும் கொட்டிவிட்டு, தன் ஆய்வுகூடத்தில் சோதித்த புது மண்ணை நிரப்பினான். நல்ல புளித்த மண். மூட்டையைக் காரிலிருந்து தூக்கி வந்தது சிறிதரன்தான். முதுகு இன்னும் நோகிறது. வலித்தாலும் மனதுக்குள் சந்தோஷம். இனி எப்படி மஞ்சளிக்கும் பார்ப்போம்?

இன்று தாளை வைத்தான்.

நீலம். பழைய மண்ணில் வந்ததை விட அழுத்தமான நீலம்.

"சனியன் பிடிச்ச செடி" என்று பல்லைக் கடித்தான். கரண்டியாவது தண்ணீராவது! போத்தலை அப்படியே சாடியின் ஓரமாகக் கவிழ்த்தான்.

மண் சீறியது.

வெள்ளை நுரை புசுபுசுவென்று பொங்கி மேலே வந்தது. சிறிதரன் போத்தலை நிமிர்த்திக்கொண்டு பார்த்தான். வினாகிரி பட்டு இப்படிப் பொங்குவது எது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரலால் கிளறினான். இரண்டு அங்குல ஆழத்தில், கட்டி கட்டியாகக் காய்ந்த சுண்ணாம்பு.

வெற்றிலை கண்ணாலும் காணக் கிடைக்காத இந்த ஊரில், சுண்ணாம்புச் சிமிழ் இருந்தது கல்யாணத் தட்டோடு வந்த ரஞ்சினியின் பெட்டியில் மட்டும்தான்.

புது மண் போட்ட நாளில் இருந்து இந்த வீட்டுக்குள் வேறு யாரும் கால் வைக்கவில்லை. அவன் வேலைக்குப் போனான். அவள் வீட்டில் இருந்தாள்.

வாசல் மணி அடித்தது. இன்றைக்குப் பத்து நிமிஷம் முந்தி வந்திருக்கிறான்.

"நீங்கள் இருங்கோப்பா, நான் திறக்கிறன்!"

ரஞ்சினி ஈரத் தலையோடு நடைவழியால் ஓடினாள். அவள் ஓடி அவன் பார்த்து எத்தனையோ நாள்.

கதவு திறந்தது. "வாங்கோ, வந்து பாருங்கோ, இன்னும் மஞ்சளாத்தான் நிக்குது" என்றாள். அந்தக் குரலில் கவலை துளிகூட இல்லை.

சப்பாத்துச் சத்தம் நெருங்கியது. நுரை இன்னும் அடங்கவில்லை. மண் படித்தவன் ஒரு பார்வையில் சுண்ணாம்பைக் கண்டுபிடித்துவிடுவான்; அதை யார் போட்டது, எதற்காக என்பதையும்.

சிறிதரன் இரண்டு கையாலும் சாடியின் வாயைப் பொத்திக்கொண்டான்.