முன் சக்கரம்

மாமனார் தன் பழைய மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் இரண்டு புது பேரிங்குகளை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு.

"தொட்டுடாதீங்க மாப்ளே. உங்க கை பட்டா விளங்கின மாதிரிதான்!"

"சரி மாமா."

"பொண்ணு பார்க்க வந்தப்பவே சொன்னேன், இந்த ஆளு எதுக்கும் உதவமாட்டாருன்னு. யார் கேட்டா?"

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நின்ற இடத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை.

மாமனார் அச்சைச் செருகி, மூச்சைப் பிடித்து நட்டை முறுக்கினார். வண்டிச் சாவியை அவன் மேல் விட்டெறிந்தார்.

"இந்தாங்க. இனிமே வண்டி உங்களுது."

"எனக்கா?"

"உங்களுக்காகன்னு நினைப்பா? எம்பொண்ணு பஸ்ல நசுங்குறாளேன்னு குடுக்கிறேன். அவளை ஏத்திக்கிட்டுக் கிளம்புங்க!"

மனைவி ஹெல்மெட்டோடு சிரித்தபடி வந்து நின்றாள்.

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கவேண்டிய இரும்புக் குழாய் அவன் குதிகாலுக்குப் பின்னால் இருந்தது. அது இல்லாமல் ஓட்டினால் சக்கரம் இறுகி ஆளைத் தூக்கியடிக்கும். கிழவர் குப்புற விழட்டும் என்று அவன்தான் ஒளித்துவைத்திருந்தான்.

மெல்ல நகர்ந்தான். குழாய் உருண்டது.

"இதைப் போடாம விட்டுட்டீங்களே மாமா! உங்களை நம்பி எப்படி வண்டியில ஏறுறது?"