தூக்கிப் போட வேண்டிய புள்ளி

"எனக்கு என்ன வியாதி? நான் எதுக்கு வயித்தை ஸ்கேன் எடுக்கணும்? போன மாசம் ரத்தம் கேட்டீங்க, ஆளுக்கொரு குழாய் குடுத்தோம். இப்ப வயிறா?"

துணைத் தலைவரின் கேள்வி ஆய்வுக்கூடம் முழுவதற்கும் கேட்டது. கேட்க வேண்டிய தலைவிக்கும் கேட்டது. அவர் கையிலிருந்த குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வியாதி இருக்குன்னு யார் சொன்னா? இங்க வேலை பாக்கிற எல்லாரும் இந்த வாரத்துக்குள்ள எடுத்தாகணும். நானும்தான். எடுக்காதவங்க திங்கக்கிழமை உள்ள வர வேண்டாம்."

அவ்வளவுதான். தலைவி அடுத்த குழாயை எடுத்துக்கொண்டார்.

தலைவிக்கு ஆய்வுக்கூடம் வைத்திருந்த பெயர் 'மைக்ரோ'. அவர்கள் ஆராய்வது மைக்ரோ ஆர்.என்.ஏ.வை. செல்லுக்குள் இருக்கும் மிகச் சிறிய இழை அது. பெரிய பெரிய மரபணுக்களையெல்லாம் வாயை மூடவைத்துவிடும். தலைவியும் ஐந்தடியைத் தொடாதவர். பெயர் வைத்தவர் வேறு யாருமில்லை, துணைத் தலைவரே.

"சர்வாதிகாரம்!" என்று அன்று மாலை அவர் மனைவியிடம் பொருமினார். "ஏற்கெனவே ஒரு புள்ளிக்காக என் கட்டுரையைக் கிடப்புல போட்டு வச்சிருக்காங்க அந்த அம்மா. இப்ப இது வேற."

"அது என்ன புள்ளி?"

"சிறுநீரகத்துல புற்றுக்கட்டி இருக்கிறவங்க ரத்தத்துல ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறியிருக்கும். வரைபடம் போட்டா நோயாளிங்க மேலே, ஆரோக்கியமானவங்க கீழே. அழகாப் பிரிஞ்சு நிக்குது. கீழே நிக்க வேண்டிய ஒண்ணு மட்டும் துள்ளிக்கிட்டு மேலே போய் உக்காந்திருக்கு."

"யாரோட ரத்தம் அது?"

"யாருக்குத் தெரியும்? குழாயில வெறும் நம்பர்தான். ஆராய்ச்சி முடியிற வரைக்கும் ஆள் யாருன்னு பாக்கக் கூடாது, அது விதி. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைஞ்சிருக்கும், அளவு தப்பா வந்திருக்கும். கெட்டுப்போன புள்ளி, தூக்கிப் போடுங்கன்னேன். மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க."

மனைவி துணி மடித்துக்கொண்டே சிரித்தாள்.

"ஊரார் ரத்தத்தையெல்லாம் அலசுறீங்க. உங்க வயித்தைக் காட்டச் சொன்னா மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி கூச்சப்படுறீங்க. கிளம்புங்க, நானும் வரேன்."

ஸ்கேன் அறையில் மருத்துவரின் கை ஓரிடத்தில் நின்றது. நகர்ந்தது. மீண்டும் அங்கேயே வந்து நின்றது.

"வலி ஏதாவது இருந்துதா?"

"இல்லையே."

"இருக்காது. ரொம்பச் சின்னக் கட்டி. இந்த அளவுல யாரும் வந்து காட்ட மாட்டாங்க. முத்தினப்புறம்தான் வருவாங்க. நீங்க நல்ல நேரத்துல வந்தீங்க."

கட்டியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். சிறுநீரகம் பிழைத்தது, அவரும் பிழைத்தார். இனி அவ்வப்போது ஒரு பரிசோதனை போதும் என்றார்கள். சில வாரங்கள் மனைவியின் சர்வாதிகாரத்தில் நன்றாகவே தேறி, முகத்தில் ஒரு மினுமினுப்போடு வேலைக்குத் திரும்பினார்.

தலைவி வரைபடத்தைத் திரையில் விரித்துவைத்திருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். ஸ்கேன்ல வேற யாருக்காவது..."

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"அப்ப எதுக்கு எல்லாரையும் அனுப்பினீங்க?"

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் குழாயை நானே மறுபடி சோதிச்சேன். சிவப்பணு உடையல. அளவும் மாறல. ஆரோக்கியமானவங்க ரத்தம்னு நாம எடுத்தது யாரோடது? இங்க இருக்கிறவங்களோடதுதானே? ஆள் யாருன்னு பாத்தா ஆராய்ச்சி கெட்டுடும். பாக்காம விட்டா நம்மள்ல ஒருத்தர் போயிடுவாங்க. விஷயத்தைச் சொன்னாலோ, அத்தனை பேரும் தூக்கமில்லாமக் கிடப்பீங்க. அதான், திட்டுறவங்க திட்டிட்டுப் போகட்டும்னு எல்லாரையும் அனுப்பிட்டேன்."

மைக்ரோ அவர் வாயை முழுதாக மூடவைத்தது அன்றுதான்.

"சரி, கட்டுரையை அனுப்பிடலாம்" என்றார் தலைவி. "ஆனா, அந்தப் புள்ளி கெட்டுப்போனது, தூக்கிப் போடணும்னு சொன்னீங்களே. இன்னும் அதே எண்ணம்தானா?"

திரையில், தன் கூட்டத்தைவிட்டு மேலே ஏறித் தனியாக நின்ற புள்ளியை அவர் பார்த்தார்.

"வேண்டாம் மேடம்" என்றார். "அது நான்."