அடங்காத ஜீப்

வாசலில் நிற்கும் ஜீப்பின் வயிற்றுக்கடியில் காலை வெயில் சாய்வாக நுழைகிறது. கணவன் கோணியை விரித்து மல்லாந்து கிடக்கிறான். முதுகுவலிக்காரியான மனைவி, இடுப்புப் பட்டையோடு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாயிற்று. மலைமேல் இருக்கும் அவள் அக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள்; பார்க்கப் போகிறார்கள். கரடுமுரடான பாதையில் இவளுக்குக் குலுங்கக் கூடாதென்றுதான், போன மழைக்கு முன்னால் வண்டியோடு வந்த ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, வெளிக்கடையில் பளபளவென்று சிவப்பில் வாங்கி மாட்டினான். இப்போது சிவப்பு பொரிந்து உதிர்கிறது. நகத்தால் சுரண்டுகிறான், அடியில் இரும்பு கெட்டியாகத்தான் இருக்கிறது. போன உயிர் திரும்பி வருகிறது. ஆனால் அதற்குள் ஏறி இறங்கும் இரும்புத் தண்டைத் துடைக்கும்போது, துரு அரித்த குழிகளில் துணியின் நூல் மாட்டுகிறது. உள்ளிருந்து கசிந்து கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"என்னங்க, அங்கேயே தூங்கிட்டீங்களா?"

"மேல்துருதான்மா. பெயின்ட் அடிச்சா போயிடும்."

சொன்ன வாய் மூடுமுன் எழுந்து வந்து, முன்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி விடுகிறான். ஒரே எழும்பலில் அடங்க வேண்டிய ஜீப், விடாமல் தலையாட்டுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அவளும் கூடவே ஆடுகிறாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை; ஒரு கை மட்டும் தானாக இடுப்புக்குப் போகிறது. அவன் பானெட்டின் மேல் நெஞ்சோடு சாய்ந்து வண்டியை அமுக்கிப் பிடிக்கிறான். ஆட்டம் மெல்ல நிற்கிறது.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. கிளம்பலாம்."

"மேல்துரு இல்லம்மா. வேற மாட்டிட்டுப் போவோம்."

"பாப்பா அதுக்குள்ள வளந்துடுமே" என்று முனகியபடியே, இறக்கிவிடச் சொல்லி அவனிடம் கையை நீட்டுகிறாள்.