வட்டத்தை விட்டுப் போன சனி

ஒருவருக்கு முப்பது விநாடி என்று வானியல் மன்றத்தார் மூன்று கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தார்கள். அதற்கு மேல் போனால், பூமி சுற்றுகிற சுற்றில் சனிக் கோள் தொலைநோக்கியின் வட்டத்தை விட்டு நழுவிவிடும். குழாயை லேசாகத் தள்ளி அதைத் திரும்பக் கொண்டுவருவது செயலாளர் கோமதிநாயகத்தின் பொறுப்பு. தோஷம், பரிகாரம் என்று யாராவது ஆரம்பித்தால் கொடுப்பதற்கு ஒரு தாளும் அச்சடித்திருந்தார்: ‘கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வாயு உருண்டை யாரையும் பிடிப்பதில்லை.’ தொலைநோக்கி வைத்திருந்த பூங்காவின் வாசல் வரை வரிசை நின்றது. ஸ்கேன் படங்கள் வைத்த நீள உறையை அக்குளில் இடுக்கியபடி குனிந்து கண்ணை வைத்த ஒரு பெண் நிமிரவே இல்லை. “வளையத்தோட தெரியுதாம்மா?” என்றார் கோமதிநாயகம். “தெரியுது சார். ஓரத்துக்குப் போகுது.” பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “பாதி போயிட்டு... முழுசும் போயிட்டு சார்.” நிமிர்ந்தபோது அவள் முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. “எம் மவனுக்கு ஏழரை நடக்கு. ஆஸ்பத்திரியே கதின்னு கெடக்கான். இப்பதான் விட்டுருக்கு.” அச்சடித்த தாள் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அடுத்து நின்ற தபால்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லையே சார், இருட்டால்லா இருக்கு,” என்றார். பின்னால் முணுமுணுப்பு எழுந்தது; வரிசை ஓரடி முன்னால் நெருக்கியது. கோமதிநாயகம் குழாயின் மேல் கை வைத்தார். அந்தப் பெண் உறையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “திரும்பக் கொண்டாந்துராதீங்க சார்.”