நகர்த்தாத சீட்

வார்விக் கார்க் கதவைத் திறந்து, ஓட்டுநர் சீட்டின் முதுகில் சாய்த்திருந்த தலையணையை எடுத்து ரஸ்ஸலின் கையில் கொடுத்தார்.

"யாருப்பா இத ஓட்டுறது? ஒட்டகச்சிவிங்கியா?"

என் கணவர் ரஸ்ஸல் குள்ளம். அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கேலி. அவர் சிரிக்கவில்லை.

பழைய வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று வீட்டுக்கே வந்து பார்த்துச் சான்றிதழ் தருவது வார்விக்கின் வேலை. அவர் கையெழுத்துப் போட்டால் அந்தச் சின்ன ஜப்பான் காருக்கு மறுபடி நம்பர் பிளேட் கிடைக்கும்.

நான்கு வருடமாக அது, தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய எங்கள் வீட்டுக்கு அடியில், மரத்தூண்களுக்கு நடுவே நின்றது. எண்பத்தாறாம் வருடத்து வண்டி. எங்கள் மகன் ஜாரட்டைவிடப் பதினோரு வயது மூத்தது. முதல் சம்பளத்தில் வாங்கி, டப்பா என்று பெயர் வைத்தான்.

பிறகு க்ளட்ச் போனது. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார் ரஸ்ஸல். சனிக்கிழமை கால்பந்து இருந்தது. அடுத்த சனிக்கிழமை என்றார்.

நடுவில் ஒரு வியாழக்கிழமை, வேலைக்குப் போக ஜாரட் நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினான்.

அதற்குப் பிறகு ரஸ்ஸல் ஒரு சனிக்கிழமையையும் விடவில்லை.

முதலில் க்ளட்ச்சை மாற்றினார். அதோடு நிறுத்த அவரால் முடியவில்லை. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. நல்ல வெளிச்சமான விளக்குகள் வந்தன. பின் சீட்டுக்கும் தோள் பெல்ட், போன கோடையில் ஏசி. சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் ஐஸ்கிரீம் டப்பாக்களில், மேலே பெயர் எழுதி ஒட்டி, படிக்கு அடியில் வரிசையாக இருந்தது.

ஓட்டுநர் சீட்டை மட்டும் அவர் தொடவில்லை.

ஜாரட் ஆறடி நான்கு அங்குலம். கடைசியாக அவன் காலை நீட்டி உட்கார்ந்த தூரத்திலேயே அந்த சீட் நின்றது. அதைக் கழற்றாமல், அடியில் கையை நுழைத்து, முழங்கை தோலுரிய வயர்களை இழுத்தார். புதுக் கார்ப்பெட்டை அதன் கால்களைச் சுற்றி வெட்டி ஒட்டினார். வண்டியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டுமென்றால் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்வார். அறுவடைக்கு முன் கரும்பு வயல்களை எரிக்கும் நாட்களில் உள்ளே படியும் சாம்பலை நான் துடைப்பேன். சீட்டுக்கு அடியிலிருக்கும் பிடியின் பக்கம் மட்டும் என் துணி போகக்கூடாது.

அது அங்கேயே இருக்கும்வரை இந்த மனிதர் காலையில் எழுந்து சவரம் செய்துகொள்வார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

சீட்டை நகர்த்த வேண்டாமென்று வார்விக்கிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள் என்று ரஸ்ஸலிடம் காலையிலிருந்து இரண்டு முறை சொன்னேன். சொல்கிறேன் என்றார். வார்விக் வந்ததும் ரஸ்ஸல் மழையைப் பற்றிப் பேசினார். ஆலை இந்த வருடம் தாமதமாகத் திறந்ததைப் பற்றிப் பேசினார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டயர்களைப் பற்றிக்கூடப் பேசினார்.

சீட் நகர்ந்து சரியாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பதும் வார்விக்கின் வேலைதான்.

அவர் உட்கார்ந்தார். அடியில் கையைவிட்டுப் பிடியை இழுத்தார்.

கடக். கடக். கடக்.

ரஸ்ஸல் தலையணையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

ஹாரன் அடித்தது. வைப்பர் ஆடியது. வார்விக் இறங்கி, வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, காகிதத்தில் கடைசி வரிவரை டிக் போட்டார். புது வண்டியே இதனிடம் தோற்றுவிடும் என்று ரஸ்ஸலின் தோளில் தட்டினார். அவருடைய வண்டி தெருமுனை திரும்பும்வரை ரஸ்ஸல் கையசைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது உடைந்து உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்து அருகில் போனேன்.

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு, கதவோரம் குப்புறப் படுத்து, தலையை உள்ளே நுழைத்தார்.

"இங்க வா, லின். குனிஞ்சு பாரு."

சீட் ஓடுகிற தண்டவாளத்தில் ஊசியால் கீறியதுபோல் ஒரு கோடு. அதன்மேல் நகரும் தகட்டிலும் இன்னொரு கோடு. ஜாரட்டை அடக்கம் செய்த மறுநாள் காலையிலேயே கீறி வைத்தாராம். என்னிடம் சொல்லவில்லை. ஆலைக்காரர், குறி போடாமல் எதையும் விடமாட்டார் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பிடியை இழுத்து சீட்டை மெல்லப் பின்னால் தள்ளினார். கடைசிக் கடக்கில் கோட்டோடு கோடு சேர்ந்தது.

"மயிரிழ மாறல பாத்தியா. அவன் விட்டுட்டுப் போன எடம்."

நிமிர்ந்தபோது கன்னத்தில் கார்ப்பெட் நூல் ஒட்டியிருந்தது. நான்கு வருடத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"ஆமா ரஸ்," என்றேன். "அதே எடந்தான்."

அடக்கம் நடந்த அன்று மதியம், மேலே எல்லோரும் சாண்ட்விச் தட்டுகளோடு நின்றிருந்தபோது, நான் படியிறங்கி வந்து இந்தக் காரில் உட்கார்ந்தேன். க்ளட்ச் நிஜமாகவே போயிருந்ததா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கால் எட்டவில்லை. பிடியை இழுத்து முன்னால் வந்தேன்.

மிதித்ததும் க்ளட்ச் பெடல் தடையே இல்லாமல் தரைவரை போனது. நிஜமாகவே போயிருந்தது.

மேலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு இறங்கினேன்.

எத்தனை கடக் என்று எண்ணவில்லை.